கீமோவுக்குப் பிறகு காய்ச்சலா? விடியும்வரை காத்திருக்காதீங்க

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கமிருந்து கீமோதெரபிக்காக நெல்லைக்கும் மதுரைக்கும் பஸ் ஏறுகிற குடும்பங்களுக்காக இந்தப் பேச்சு. மருந்து ஏத்திக்கிட்டு வீடு திரும்பியாச்சு. இனி வரும் இரண்டு வாரம்தான் உண்மையிலேயே கவனமா இருக்க வேண்டிய காலம்.

ஏன்னா, கீமோ மருந்து எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளணுக்களையும் குறைக்கும். பல மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கும். பாக்டீரியாவை முதலில் எதிர்க்கும் நியூட்ரோஃபில் அணுக்கள், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போனால் ஆபத்து. அதே மருந்து குடலின் உள்சவ்வையும் புண்ணாக்கும். வழக்கமா நம்ம குடலிலேயே குடியிருக்கும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள், தடுக்க ஆளில்லாமல் குடல் சுவருக்குள்ளும் ரத்தத்துக்குள்ளும் புகுந்துவிடும். பெருங்குடல் தொடங்குகிற வலது அடிவயிறுதான் அதிகம் பாதிக்கப்படும் இடம்.

வலி, வயிறு உப்புசம், வயிற்றுப்போக்கு வரும். நம்ம ஊர்ல இதை "சூட்டு வலி"ன்னு சொல்லி வெந்தயமும் மோரும் கொடுத்துப் படுக்க வைப்பாங்க. மற்ற நாளில் சரி. இந்த இரண்டு வாரத்தில் கூடாது. வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீங்க. எனிமா வேண்டவே வேண்டாம்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே அவசரம்தான். ராத்திரி 11 மணிக்குப் பாராசிட்டமால் போட்டு, "காலையில பார்த்துக்கலாம்"னு இருப்பதுதான் பெரிய ஆபத்து. காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது. மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போடணும் என்பது மருத்துவ விதி. கோவில்பட்டியிலிருந்து நெல்லை சுமார் 55 கிலோமீட்டர். அதனால முதலில் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்க; மேல்சிகிச்சையை அங்கே முடிவு செய்வாங்க.

சாப்பாட்டில், பச்சைக் காய்கறியே தொடக்கூடாதுன்னு பயமுறுத்துவதுண்டு. அப்படி முழுசா ஒதுக்கினதால தொற்று குறைஞ்சதா ஆய்வுகள் காட்டவில்லை. நல்லாக் கழுவுவதும், சுடச்சுடச் சாப்பிடுவதும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும்தான் முக்கியம். கரிசல் காட்டு வீடுகளில் குடத்திலும் தொட்டியிலும் நாள்கணக்கில் பிடித்து வைக்கும் தண்ணீரை, கொதிக்க வைத்து ஆற்றித்தான் நோயாளிக்குக் கொடுக்கணும்.

உங்க செல்போனில் இப்பவே ஒரு வேலை: டிஸ்சார்ஜ் சம்மரியையும் கடைசி ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் போட்டோ எடுத்து வையுங்க. கீமோ போட்ட தேதியைக் காலண்டரில் குறிச்சுக்குங்க. 108-ஐ அழைத்ததும், "கீமோ போட்டு இத்தனை நாள் ஆச்சு, இப்போ காய்ச்சல்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்க. ஆஸ்பத்திரி வாசலிலும் அதையே சொல்லுங்க.