அநுபவமும் அறிவும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம்மவர் இல்லங்களிற் பிள்ளைகளின் கல்வியைப்பற்றிப் பேசாத நாளில்லை. ஆயின் அப்பேச்செல்லாம் மதிப்பெண்ணோடு முடிந்துவிடுகின்றது. அறிவு என்பது குழந்தையின் உள்ளத்தில் எங்ஙனம் உண்டாகின்றது என்பதைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

குடத்து நீரைச் செம்பில் வார்ப்பதுபோல் உபாத்தியாயர் தம் அறிவை மாணாக்கனிடத்து வார்த்துவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது இயலாதென்பதை ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் 1896-ஆம் ஆண்டிற் பிறந்த ழான் பியாஜே என்னும் அறிஞர் நீரைக்கொண்டே விளக்கினார். ஒத்த அளவுள்ள இரண்டு அகன்ற குவளைகளிற் சமமாக நீரை நிரப்பி, அவற்றுள் ஒன்றின் நீரைக் குழந்தை பார்த்திருக்கும்போதே ஒடுங்கி உயர்ந்த வேறொரு குவளையில் ஊற்றி, "எதில் நீர் அதிகம்?" என்று வினவினால், ஐந்து வயதுக் குழந்தை பெரும்பாலும் உயரமான குவளையையே காட்டும். ஏறக்குறைய ஏழு வயதானபின் அக்குழந்தையே இரண்டும் சமம் என்று சொல்லும். திரும்ப ஊற்றினால் முன்போலவே நிற்கும் என்று காரணமும் கூறும். ஊற்றியும் அளந்தும் சிந்தியும் அது தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கின்றது. ஐந்து வயதிலேயே விடையை மனனம் செய்வித்தால் வாய் ஒப்பிக்கும், மனம் ஒப்பாது.

ஆகவே பெரியோர் வாளாவிருக்கலாம் என்பது பொருளன்று. அதே 1896-இல் ருஷ்யப் பேரரசிற் பிறந்த வைகாட்ஸ்கி என்பார், இன்று பிறர் துணையோடு செய்வதைக் குழந்தை நாளைத் தனித்துச் செய்யும் என்று காட்டினார். துணை வேண்டும்; ஆனால் குழந்தையின் வேலையை நாம் பிடுங்கிச் செய்தல் துணையாகாது.

இக்கொள்கை நம் நாட்டிற்குப் புதிதன்று. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இற் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். 2003-இற் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பின்னர் மாநிலமெங்குமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவிற்று.

ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. 1953-இற் சென்னை இராஜ்யத்தில், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதிற் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகுமாறு ஒரு திட்டம் கொணரப்பட்டது. குலக்கல்வி என்று ஜனங்கள் அதனை வெறுத்து எதிர்த்தமையால் 1954-இற் கைவிடப்பட்டது. கையாற் செய்து கற்றல் நன்றே. ஆயின் தச்சன் மகனுக்கு உளி மட்டும், உழவன் மகனுக்கு ஏர் மட்டும் என்று வகுத்தல் அநுபவத்திற்கு வேலி கோலுவதேயாகும். ஒரு குலத்தின் பெயராற் கூடியிருக்கும் நாமே இதனை உரக்கச் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம். உளியும் ஏரும் நுண்ணோக்கியும் எல்லாக் குழந்தைகளின் கைக்கும் எட்டவேண்டும்.

இனி நாம் செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது வீட்டில். அரிசி அளக்கவும், கடையிற் சில்லறை எண்ணி வாங்கவும் குழந்தையை விடுங்கள். சிறிது சிந்தினாற் கடிந்துகொள்ளாதீர்கள். தவறான விடை சொன்னால் உடனே திருத்தாமல், "எப்படி அம்மா அவ்வாறு நினைத்தாய்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிற் குழந்தை தன் தவற்றைத் தானே காண்பதுண்டு.

இரண்டாவது சங்கத்தில். ஆண்டுதோறும் மதிப்பெண்ணுக்குப் பரிசளிக்கின்றோம், அது நிற்கவேண்டா. அதனோடு, பிள்ளைகள் தாமே செய்து கண்டறிந்ததற்கும் ஒரு பரிசு ஏற்படுத்துவோமாக. கிணற்று நீர்மட்டத்தை மாதந்தோறும் கயிறிட்டு அளந்து குறித்த சிறுமியும், நிழலிலும் வெயிலிலும் அவரை விதையிட்டு வேற்றுமை கண்ட சிறுவனும் இம்மேடையில் ஏறித் தாம் கண்டதைத் தம் சொல்லாற் கூறட்டும். பெரியோர் கீழிருந்து கேட்போம்.

இவ்விண்ணப்பத்தை நிர்வாக சபையார் அன்புகூர்ந்து ஏற்பார்களென நம்புகின்றோம். நம் மக்கள் மெய்யறிவு பெற்று நீடுவாழ எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவானாக.