அங்கமும் தொழிலும்

 

விபத்தில் காயமுற்றவன் நஷ்ட ஈடு கோரித் தொடுக்கும் வழக்கு எப்போது நிற்கும் என்று கேட்டால், எதிரிக்குக் கவனமாய் நடக்கும் கடமை இருந்தது, அது மீறப்பட்டது, அம்மீறலால் காயம் நேர்ந்தது, காயத்தால் நஷ்டம் விளைந்தது என்ற நான்கும் ருஜுவாக வேண்டும் என்பது நீங்கள் அறிந்த விடையே. இவற்றுள் முதல் மூன்றே வழக்கின் ஜீவன் என்றும், நான்காவது மருத்துவர் எழுதித்தரும் சதவீதத்தைக் கொண்டு பெருக்கிப் பார்க்கும் கணக்கு மட்டுமே என்றும் என் சகாக்கள் பலர் நெடுங்காலமாகச் சாதித்து வருகின்றனர். அச்சித்தாந்தத்தை நான் என்றும் ஏற்றதில்லை. நஷ்டம் இன்னதென்று அறியாமல் தொடுத்த வழக்கு, வென்றாலும் தோற்ற வழக்கே.

இதோ வாலாஜாபாத்தின் பக்கத்தில் ஐயம்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ வாழும் பட்டு நெசவாளி ஒருவர், முப்பத்தெட்டு வயதினர், காஞ்சிபுரம் சாலையில் லாரி மோதி வலக்கைப் பெருவிரலை இழந்தார் என்று வைத்துக்கொள்வோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் அட்டவணை, பெருவிரல் இழப்புக்கு 30 சதவீதம் என்று விதித்தது. சான்றிதழிலும் அதுவே எழுதப்படுகிறது. மாதம் 10,000 ரூபாய் கூலி, அவ்வயதிற்குச் சரளா வர்மா வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் ஆண்டு வருமானத்தைப் பெருக்க வகுத்த எண் 15 என்று கொண்டால், முழு வருமானத்தின் மதிப்பு 18,00,000 ரூபாய். அதில் 30 சதவீதம் 5,40,000. கணக்கு முடிந்தது என்பார்கள் என் சகாக்கள்.

ஆனால் அந்த விரல் தறிக்குழியில் என்ன செய்துகொண்டிருந்தது என்று அவர்கள் பார்த்ததுண்டா? கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இருபுறக் கரைகளுக்கு இரு நாடா என்று மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றையொன்று கவ்வ வேண்டும். கவ்வாத இடத்தில் சேலை பிளந்து நிற்கும். மயிரிழையினும் மெல்லிய பாவு இழை அறுந்தால், நெசவாளி பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அதைப் பற்றி முறுக்கி இணைக்கிறார். பெருவிரல் இல்லாத கைக்கு எஞ்சிய நான்கு விரல்களும் இருந்தும் அந்தப் பிடி இல்லை. தறியில் அவர் முப்பது சதவீதம் குறைந்துவிடவில்லை. தறியை விட்டே இறங்கிவிட்டார். இனி அவருக்கு வாய்ப்பது நாடாவுக்குள் வைக்கும் தாரில் இழை சுற்றும் வேலைதான். அதில் மாதம் 3,000 ரூபாயே கிடைக்குமானால், அவர் இழந்தது வருமானத்தில் 70 சதவீதம். நஷ்ட ஈடு 12,60,000 ரூபாய். இரு தொகைகளுக்கும் இடையே உள்ள 7,20,000 ரூபாய் கணக்குப் பிழையன்று, நியாயப் பிழை.

இது என் சொந்தக் கற்பனையன்று. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் சீனிவாச சபாதா என்ற, 1976ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டுகளில் வெளிவந்த வழக்கில், இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சருக்கு அது பகுதி ஊனமே என்று முதலாளி வாதித்தபோது, ஒரு கையால் தச்சு வேலை செய்ய இயலாது என்ற காரணத்தால் அதை முழு ஊனமாகவே உச்ச நீதிமன்றம் ஏற்றது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல், இடக்கை இழந்த ஓட்டுநரும் இடக்கை இழந்த அரசாங்க குமாஸ்தாவும் ஒரே அளவில் வருமானம் இழப்பதில்லை என்று அதே நீதிமன்றம் விளக்கியது. உறுப்பின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் சக்தியின் ஊனம் வேறு என்பது அங்கே தெளிவாயிற்று. அட்டவணை இருந்தால்தான் நிச்சயத்தன்மை இருக்கும் என்பது மறுதரப்பின் வலுவான வாதம். நிச்சயம் வேண்டியதுதான், ஆயினும் எல்லோருக்கும் ஒரே அளவில் தவறாக அளப்பதால் அது வருவதில்லை.

நஷ்டம் பற்றி இவ்வளவு, இனி பிழை பற்றிச் சிறிது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் ஓட்டுநரின் கவனக்குறைவை நாட்ட வேண்டும். 164ஆம் பிரிவில் அது வேண்டியதில்லை, ஆனால் கொடுங்காயத்திற்குத் தொகை 2,50,000 ரூபாயோடு நின்றுவிடுகிறது. 166ஆம் பிரிவு வழக்கில் காயம்பட்டவர் பேரிலும் பிழையிருந்தால் தொகை அதற்கேற்பக் குறையும். வழக்குத் தொடுக்க மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் விதித்த ஆறு மாதக் கெடுவையும் மறக்கலாகாது.

நேரம் குறுகிவிட்டது, இளைய ஆய்வாளருக்கு இரண்டொன்று சொல்லி நிறுத்துகிறேன். நெசவாளர், தையற்காரர், சிற்பி ஆகியோரின் கைத்தொழில் ஒவ்வொன்றிலும் எந்த விரல் எச்செயலைச் செய்கிறது என்று தறியடியிலும் பட்டறையிலும் அமர்ந்து ஒரு விவரணம் தயாரிக்க வேண்டும். நீதிமன்றத்தில் அது நல்ல சாட்சியமாகும். கூலிக்கு ருசு என்ன என்பது இன்னொன்று: கூட்டுறவுச் சங்கத்தின் பாஸ் புத்தகம் உள்ளவர் பிழைத்தார், முதலாளியின் நோட்டில் மட்டுமே பெயர் உள்ளவர் என்ன செய்வார் என்பதை யாரேனும் ஆராய வேண்டும். வீட்டுத் தறியில் தார் சுற்றும் பெண்களுக்குக் கூலிக் கணக்கே இருப்பதில்லை. அவர்கள் காயமுற்றால் எதை வைத்து அளப்பது என்பதையும் அவ்வாராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளக் கோருகிறேன்.