கிட்டார் வாங்கும் முன் குழந்தையின் கையைப் பாருங்கள்

(தூத்துக்குடியில் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



2022-23ஆம் கல்வியாண்டில் கலைத் திருவிழா தொடங்கியதிலிருந்து, நம் பள்ளிகளில் இசைக்கருவி வாங்குவது பற்றிய பேச்சு அடிக்கடி எழுகிறது. கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் முதலில் கேட்பது கிட்டார்தான். ஞாயிறுதோறும் கோயில் பாடகர் குழுவில் அண்ணன்மார் வாசிப்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் வேறு எதைக் கேட்பார்கள்? "அது வெளிநாட்டுக் கருவியாயிற்றே" என்று சிலர் தயங்குகிறார்கள். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். அந்தத் தயக்கத்துக்கு இந்தப் பதில் போதும்.

நான் அறிவியல் ஆசிரியர், இசையாசிரியர் அல்லன். ஆனாலும் இதைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி. பள்ளிக்கு ஒருவர் அன்பளிப்பாகத் தந்த கிட்டாரை மூன்று வாரம் விடாமல் வாசித்துப் பார்த்தாள். பிறகு விரல் நுனிகளைக் காட்டி, "எனக்கு இது வராது சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கருவியை எடுத்துப் பார்த்தேன். தந்திகள் கழுத்துப் பலகையிலிருந்து வெகு உயரத்தில் நின்றன. பெரியவர்கள் அழுத்தினாலே வலிக்கும். எங்கள் பழைய மாணவர் ஒருவர், பாடகர் குழுவில் வாசிப்பவர், பிரிட்ஜில் பதித்திருந்த வெள்ளைப் பட்டையைக் கழற்றி, அதன் அடிப்புறத்தைத் தேய்த்துத் தாழ்த்தித் தந்தார். அந்த மாதமே அவள் இரண்டு பாடல்களுக்கு வாசித்தாள். குறை கருவியில் இருந்தது; பழியை அவள் தன்மேல் போட்டுக்கொண்டாள். நாம் பார்க்காதிருந்தால், தனக்கு இசை வராது என்றே ஆயுள் முழுக்க நம்பியிருப்பாள். ஆகவே, கடைக்குப் போகும் முன் சில செய்திகளைத் தெரிந்துகொள்வது நம் கடமை.

முதலில், எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். நைலான் தந்திக் கிட்டார், எஃகுத் தந்திக் கிட்டார், மின் கிட்டார் என மூன்று வகை. ஒலிபெருக்கி தேவைப்படும் மின் கிட்டார் பள்ளியில் தொடங்குவோருக்கு வேண்டாம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நைலானே நல்லது, விரலை வருத்தாது. முன்பு விலங்குக் குடலில் செய்த தந்திதான் இருந்தது. 1940களில்தான் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானில் தந்தி செய்து தந்தார். நம் ஊர்த் தங்கூஸ் நரம்பும் நைலான்தான் என்று சொன்னால் பிள்ளைகளுக்குக் கண் விரியும். ஒரு எச்சரிக்கை: நைலான் கிட்டாரில் எஃகுத் தந்தியை ஒருபோதும் பூட்டாதீர்கள். ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும்; நைலானுக்கு ஏறத்தாழ 40 கிலோதான். கூடுதல் இழுவையில் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

இரண்டாவது, அளவு. அரை, முக்கால், முழு அளவுகளில் கிடைக்கிறது. வயதைக் கேட்டு வாங்காமல் பிள்ளையை உட்கார வைத்துப் பாருங்கள். வலக்கையைக் கருவியின்மேல் வைக்கும்போது தோள் தூக்கிக்கொள்ளக் கூடாது. இடக்கை முதல் ஃப்ரெட்டைத் தொடும்போது முழங்கை முழுதாக நீளக் கூடாது. ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டு. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை இருந்தால் அதையும் கடையில் சொல்லுங்கள்.

மூன்றாவது, கடையிலேயே செய்யும் சோதனைகள். சட்டைப் பையில் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்கள் இருந்தால் போதும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் வரும். அவற்றைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல், தடித்த ஆறாம் தந்திக்கு அடியில் செருகுங்கள். எஃகுத் தந்திக் கிட்டாரில் அதற்கு மேலும் இடைவெளி இருந்தால் தாழ்த்தித் தரச் சொல்லுங்கள்; நைலானில் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். தோணி கட்டும் ஆசாரி பலகையைப் பார்ப்பதுபோல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீளவாக்கில் பாருங்கள். முறுக்கல் தெரிந்தால் வேண்டாம். கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட் முனை கீறக் கூடாது.

முக்கியமான சோதனை ஒன்று, நம் ஒலிப் பாடமும்கூட. முழு அளவுக் கிட்டாரில் அதிரும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 65 செ.மீ. பன்னிரண்டாம் ஃப்ரெட் அதைச் சரிபாதியாக்குகிறது. நீளம் பாதியானால் அதிர்வெண் இரு மடங்கு. ஐந்தாம் தந்தியின் 110 ஹெர்ட்ஸ், அங்கே அழுத்தினால் 220 ஆக வேண்டும். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் டியூனர் செயலியே இதைக் காட்டிவிடும். நன்றாக விலகினால் அந்தக் கருவியில் எவர் வாசித்தாலும் அபசுரம்தான்.

நான்காவது, நம் கடல். உப்புக்காற்றில் எஃகுத் தந்தி விரைவில் துருப்பிடிக்கும். நைலான் கிட்டாரிலும் தடித்த மூன்று தந்திகளுக்கு உலோகச் சுற்று உண்டு. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைக்கும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். முழுமரப் பலகையின் நாதம் உயர்வுதான்; ஆனால் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். பல அடுக்குகளை ஒட்டிச் செய்த பலகை இதை நன்றாகத் தாங்கும், விலையும் குறைவு. நம் பள்ளிகளுக்கு அதுவே ஏற்றது. வெயில் படும் சன்னலோரம் வேண்டாம். சூட்டில் பசை இளகும். உறையோடு வாங்குங்கள்.

கடைசியாக, நடைமுறை. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம், விலைப்புள்ளி, இருப்புப் பதிவேடு எல்லாம் நமக்குத் தெரிந்தவைதாம். ஆனால் விலைப்புள்ளிக் கடிதத்தில் "கிட்டார் – 1" என்று மட்டும் எழுதினால் கடைக்காரர் தருவதே வரும். வகை, அளவு, தந்தி உயரம், உறை, கூடுதலாக ஒரு தந்தித் தொகுப்பு ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். அன்பளிப்பாளரிடமும் இதே பட்டியலைப் பணிவுடன் கொடுங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நம் கடற்கரையில் அப்படி ஒருவர் கிடைக்காத ஊர் அரிது.

வாங்கிய கிட்டார் பீரோவுக்குள் போய்விட்டால் இத்தனையும் வீண். நூலகப் புத்தகத்தைப் போல அதற்கும் ஒரு வழங்கல் பதிவேடு வையுங்கள். பிள்ளை வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். கீறல் விழத்தான் செய்யும், பதிவேட்டில் குறித்துக்கொள்வோம். இப்போதே உங்கள் பள்ளியில் ஒரு கிட்டார் இருக்குமானால், நாளை இரண்டு நாணயங்களோடு அதைச் சோதித்துப் பாருங்கள். முன்பு வாசித்து விட்டுவிட்ட பிள்ளை யாராவது இருந்தால், அவர்களையும் மறுபடி கூப்பிடுங்கள்.