தோலும் கணிப்பொறியும்



1946இல் உலகறிய வந்த எனியாக் கணிப்பொறி ஏறத்தாழ 30 டன் எடையுடன் ஒரு கூடத்தையே நிறைத்தது. 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 நுண்செயலியோ விரல் நகத்தினும் சிறிய சில்லில் அடங்கியது. அதன் வழிவந்த பொறிகள் வேலூர், ஆம்பூர்த் தோல் தொழிலையும் அடைந்தன.

பதனிட்ட தோல் சதுர அடிக் கணக்கில் விலைபோவது. ஆயினும் இரு தோல்கள் ஒரே வடிவில் அமைவதில்லை. முன்னர்ச் சக்கரப்பொறி அளந்த பரப்பை இன்று மின்னணுப்பொறி அளக்கிறது. காலணித் துண்டுகளை எவ்வாறு அடுக்கினால் கழிவு குறையும் என்பதையும் கணிப்பொறி காட்டுகிறது. எனினும், தோலின் நெகிழ்வையும் உண்ணித் தழும்பையும் தொழிலாளியின் விரல் தடவி அறிகிறது.

செய்யுளின் அசைகளைப் பொறியும் எண்ணும். சொல்லின் மென்மை வன்மையை அறிவது கவிஞனின் செவி. அச்செவிக்குத் தரும் மதிப்பை அவ்விரலுக்கும் தருவது இவ்வவையின் கடன்.