மலைத் திருட்டும் சட்டத்தின் அட்டவணையும்



எனக்கு முன் பேசிய தோழர் மணற்கொள்ளையைப் பற்றி மிக்க ஆத்திரத்துடன் பேசினார். நான் அந்தக் கொள்ளைப் பணத்தைப் பிடிக்க ஏற்பட்ட சட்டத்தின் யோக்கியதையைப் பற்றி மாத்திரம் இரண்டொரு வார்த்தை சொல்லுகிறேன்.

சட்டவிரோதப் பணமாற்றத் தடுப்புச் சட்டம் என்பது 2005 ஜூலையில் அமுலுக்கு வந்தது. குற்றத்தால் வந்த பணத்தை நல்ல பணம்போல் வேஷம் போட்டு நடமாட விடுகிறவனுக்கு 3 வருஷம் முதல் 7 வருஷம் வரை கடுங்காவல். சரி, எந்தக் குற்றத்தால் வந்த பணம்? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. சட்டத்தின் கடைசியில் ஒரு அட்டவணை உண்டு. அதில் பேர் உள்ள குற்றமாயிருந்தால்தான் வழக்கு.

2023 செப்டம்பரில் அமலாக்க இலாகாவார் நமது மணல் குவாரிகளில் சோதனை போட்டார்கள். வேலூர், கரூர், திருச்சி, தஞ்சை, அரியலூர் கலெக்டர்களுக்குச் சம்மன் போயிற்று. கலெக்டர்கள் போகவேண்டியதில்லை என்று நம் சர்க்காரே ஐகோர்ட்டுக்குப் போயிற்று! ஆற்றைக் காக்கவேண்டிய சர்க்கார், கணக்குக் கேட்டால் ஏன் பதறவேண்டும்? 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு, போய்த்தான் ஆகவேண்டும் என்றது. ஆனால் அவ்வருஷம் ஜூலையில் சென்னை ஐகோர்ட்டு, கனிமச் சட்டக் குற்றம் அட்டவணையிலேயே இல்லை என்று காட்டி, ஒப்பந்தக்காரர் சொத்துக்களை முடக்கியது செல்லாதென்று தள்ளிவிட்டது. ஜட்ஜுகளைக் கோபித்துப் பயனில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

அந்த அட்டவணையை நானும் புரட்டிப் பார்த்தேன். பழங்காலச் சிலையைக் கள்ளத்தனமாய் வெளிநாட்டுக்குக் கடத்துவது அதில் இருக்கிறது. அந்தச் சிலைக்குக் கல் கொடுத்த மலையை வெட்டி விற்றால் இல்லை! பழைய பீனல் கோடுப்படி, திருட்டுச் சாமானை வாங்கினவன் குற்றம் இருக்கிறது. திருடினவன் குற்றம் இல்லை. இது என்ன ஞாயம் என்று கேட்கிறேன்.

இலாகாவுக்கு இன்னும் அதிகாரமா, அதில் ஜாமீன் கிடைப்பதே குதிரைக் கொம்பாயிற்றே என்று சில தோழர்கள் பயப்படலாம். அந்தப் பயம் ஞாயமானதே. அதற்காகக் கோடி கோடியாய் அள்ளினவனை விட்டுவிட்டு, மாட்டு வண்டியில் நாலு கூடை மணல் ஏற்றினவனின் வண்டியை மாத்திரம் பறிமுதல் செய்துகொண்டிருப்பதா? பார்லிமெண்டார் நினைத்தால் அட்டவணையில் ஒரு வரி சேர்க்க எத்தனை நாழிகை ஆகும்? ஓட்டுக் கேட்க வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

நேரமாய்விட்டபடியால், அடுத்துப் பேச இருக்கும் தோழருக்கு இடம் விட்டு அமருகிறேன்.