அப்பா என்ன பண்றார்?

(கல்லூரி வேலைவாய்ப்பு முகாமுக்கு முந்தின வாரம், அரசு மாணவர் விடுதி ஒன்றில் இறுதியாண்டு மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த விடுதியில்தான் நானும் தங்கிப் படித்தேன். அப்போது வாசலில் ஆதிதிராவிடர் நல மாணவர் விடுதி என்று பலகை இருந்தது. 2025இல் அரசு விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். பலகை மாறியிருக்கு, சாம்பார் மாறலன்னு தம்பிங்க சொல்றாங்க. அதை வேறொரு நாள் பேசுவோம்.

அடுத்த வாரம் உங்கள் கல்லூரியில் முகாம். கம்பெனிக்காரர்கள் வரிசையாக மேசை போட்டு உட்காரப் போகிறார்கள். ரெஸ்யூம் எப்படி எழுதணும், டை எப்படிக் கட்டணும், கையை எங்க வைக்கணும் என்றெல்லாம் கல்லூரியில் ஆள் வைத்துச் சொல்லித் தந்திருப்பார்கள். அவர்கள் சொல்லித் தராத ஒரு கேள்வியைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். "அப்பா என்ன பண்றார்?" என்கிற கேள்வி.

நான் பட்டம் முடித்த வருடம் ஒரு தனியார் கம்பெனி இண்டர்வியூவுக்குப் போனேன். மூன்று பேர் இருந்தார்கள். பாடத்தில் கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் சொன்னேன். அப்புறம் நடுவில் இருந்தவர் சிரித்த முகத்தோடு, "ஃபேமிலியப் பத்திச் சொல்லுங்க தம்பி, அப்பா என்ன பண்றார்?" என்றார். எங்கப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி. ஊரில் சாவு விழுந்தால் பறையடிக்கக் கூப்பிடுவார்கள், போவார். நான் சொன்னேன், "விவசாயம் சார்."

"அப்படியா, எத்தனை ஏக்கர்?"

"நாலு ஏக்கர் சார்."

"நஞ்சையா புஞ்சையா? கிணத்துப் பாசனமா?"

அந்த நாலு ஏக்கருக்குத் தண்ணி பாய்ச்ச முடியாமல் எனக்கு நாக்கு வறண்டுபோச்சு. கடைசியாக, "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

வேலை கிடைக்கல. அது போகட்டும். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "என்னப்பா கேட்டாங்க?" "பாடத்துலதான் கேட்டாங்க" என்றேன். ஒரே நாளில் இரண்டு பொய். முதல் பொய்யில் அப்பாவின் உழைப்பை அழித்தேன். இரண்டாவது பொய்யில் அவரையே ஏமாற்றினேன். வெட்கப்பட வேண்டியவன் கேட்டவன். வெட்கத்தை நான் சுமந்துகொண்டு வந்தேன். சாதி நம்மிடம் இப்படித்தான் வேலை வாங்குகிறது.

இது எனக்கு மட்டும் நடந்த கதை என்று பல வருடம் நினைத்திருந்தேன். 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பத்திரிகையில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியோடு விண்ணப்பம் அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அடுத்த கட்டத்துக்குப் போகும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. முகத்தைப் பார்க்கவில்லை, பேச்சைக் கேட்கவில்லை. பெயரைப் பார்த்தே கழித்துவிட்டார்கள். தகுதி, திறமை என்று மேடையில் முழங்குகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை என்று நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பெயரில் கிடைக்காததை வேறு வழியில் தேடுகிறான். அப்பா வேலை, சொந்த ஊர், தெரு, குலதெய்வம் வரைக்கும் வருவான். அதே 2007இல் வெளியான ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமேனும் மனிதவள அதிகாரிகளைச் சந்தித்துப் பேசினார்கள். குடும்பப் பின்னணி கேட்பது அவர்களுக்குச் சர்வசாதாரணம். நல்ல குடும்பத்திலிருந்து வந்தால்தான் நல்ல பண்பு இருக்கும் என்பது அவர்கள் நியாயம். சாதி என்ற சொல்லே வராது. வராமலே வேலை முடிந்துவிடும்.

சரி, நாம் என்ன செய்வது?

முதலில் ரெஸ்யூம். அதில் அப்பா பெயர், அப்பா தொழில், மதம், சாதி எதுவும் தேவையில்லை. முகவரியில் 'காலனித் தெரு' என்று முழுசாக எழுதிக் கொடுக்காதீர்கள். அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ஆவணத்தில் நீங்கினாலும் ஆள் எடுக்கிறவன் மண்டையில் நீங்க வேண்டுமே. ஊரும் மாவட்டமும் போன் நம்பரும் போதும். இது ஒளிந்துகொள்வது அல்ல. கேட்கக்கூடாததை நாமாக எழுதித் தர வேண்டாம், அவ்வளவுதான்.

இரண்டாவது, அந்தக் கேள்வி. பொய் சொல்லாதீர்கள். பொய்க்கு இரண்டாவது கேள்வி வரும், மூன்றாவது வரும். "அப்பா விவசாயக் கூலி. அம்மா நூறு நாள் வேலைக்குப் போனாங்க. எங்க வீட்ல முதல் பட்டதாரி நான்." நேராகப் பார்த்துச் சொல்லுங்கள். அங்கேயே நிறுத்தாமல், "நான் செய்த புராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லலாமா சார்?" என்று பேச்சைப் பாடத்துக்கு இழுங்கள். அழுது கதை சொல்ல வேண்டாம். இரக்கத்தில் தருகிற வேலை நமக்கு வேண்டாம். இதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் வராது. இன்று ராத்திரியே இந்த ஹாலில் மூன்று பேர் அந்தப் பக்கம், ஒருத்தர் இந்தப் பக்கம் உட்காருங்கள். அந்தக் கேள்வியைப் பத்துத் தடவை கேளுங்கள். முதல் தடவை தொண்டை அடைக்கும். பத்தாவது தடவை அடைக்காது. நண்பன் முன்னால் அடைத்தால் பரவாயில்லை.

தங்கச்சிகளுக்கு இன்னொரு கேள்வி சேர்ந்து வரும். "கல்யாணம் எப்போ? நைட் ஷிப்டுக்கு வீட்ல விடுவாங்களா?" உங்கள் வேலையோடு தொடர்பில்லாத கேள்விக்கு, "வேலை நேரத்துக்கு நான் வருவேன் சார்" என்பதே போதுமான பதில்.

இங்கிலீஷ் பற்றி நிறைய பேர் பயப்படுறீங்க. தமிழ்வழியில் படித்தவர்களின் பயம் எனக்குத் தெரியும். ஒரு வாரத்தில் இங்கிலீஷ் வராது. ஆனால் உங்கள் புராஜெக்ட்டைப் பற்றி, நீங்கள் செய்த வேலையைப் பற்றி இருபது வாக்கியம் ஒரு வாரத்தில் வரும். அதைத் தெளிவாகப் பேசப் பழகுங்கள்.

அடுத்தது, இன்டர்ன்ஷிப். இந்தச் சொல்லில் ஒரு சூழ்ச்சி இருக்கு. சும்மா இன்டர்ன் என்று எடுத்தால் சம்பளம் தராமலும் வேலை வாங்குவான், கேட்க வழியில்லை. ஆனால் அப்ரண்டிஸ் என்று எடுத்தால் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. குறைந்தபட்ச உதவித்தொகை உண்டு. 1973இல் சேர்த்த 3ஏ பிரிவின்படி, பயிற்சி இடங்களில் மாநிலத்தின் எஸ்.சி., எஸ்.டி. மக்கள்தொகையைக் கணக்கில் கொண்டு ஒதுக்கீடு செய்ய வேண்டும். இந்தச் சட்டம் தனியாருக்கும் பொருந்தும். தனியார் வேலையில் இடஒதுக்கீடு இல்லை என்று நமக்கு மனப்பாடம். பயிற்சியில் சட்டம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆகணும் என்று கட்டாயம் இல்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். மேசை முன்னால் நின்று, "இது அப்ரண்டிஸ் சட்டத்தில் பதிவான பயிற்சியா? ஒதுக்கீட்டு இடம் எத்தனை?" என்று கேளுங்கள். சென்னை தரமணியில் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் எழுதிக் கேளுங்கள்.

பணம் கட்டினால் வேலை என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். கம்பெனி கேட்கிறான் என்று அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் போதும். கல்லூரியே அசலைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது.

சாதியை நேரடியாகக் கேட்டால்? வெளியே வந்த உடனே தேதி, நேரம், கம்பெனி, கேட்ட வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பிளேஸ்மெண்ட் ஆபீசரிடம் எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். நாலு பேர் முன்னால் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சிரித்துப் பேசிவிட்டு மௌனமாகக் கழிப்பவனைப் பிடிக்கும் சட்டம் கையில் இல்லை. அதற்குத்தான் தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்கிறோம். உங்கள் இருபது பேரின் குறிப்பு ஒன்றாகச் சேர்ந்தால் அது அந்தக் கோரிக்கைக்கு ஆதாரம். தனித்தனியாக இருந்தால் இருபது பேரின் அவமானம், அவ்வளவுதான்.

கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனார் பாபாசாகேப். தங்க ஓர் அறை தர ஆள் இல்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். பொதுப் பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். எவ்வளவு படித்தும் கேள்வி ஒன்றுதான்: நீ யார்? அவர் அந்த அவமானத்தை மறைக்கவில்லை. எழுதி வைத்தார். நம் சேரிகளில் கோட்டு போட்டு நிற்கிறாரே, அந்தக் கோட்டு சும்மா வந்ததல்ல. அந்தச் சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்தக் கோட்டு இன்னும் யாரையோ உறுத்துகிறது என்று அர்த்தம்.

கடைசியாக ஒன்று. இந்த விடுதியில் நல்ல சட்டை எத்தனை, ஷூ எத்தனை, இஸ்திரிப் பெட்டி எத்தனை என்று இன்றே கணக்கெடுங்கள். எல்லாம் பொது. யாருக்கு எந்த நாள் இண்டர்வியூவோ அன்றைக்கு அவருக்கு. வேலை கிடைத்தவர் அடுத்த வருடம் இங்கே திரும்பி வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழக்க வேண்டும். வேலை கிடைக்காதவரும் வரவேண்டும். அவரிடம் கற்க வேண்டியது கூடுதலாக இருக்கும்.

எங்கப்பா இப்போது இல்லை. "என்னப்பா கேட்டாங்க?" என்று அவர் கேட்டதற்கு நான் சொல்லாத பதிலைத்தான் இன்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சரியான பதிலைச் சொல்லுங்கள்.

ஜெய்பீம்.