பேய் பேசும் மொழி



பேய்க்கதை கேட்டு அஞ்சுவதில் மனிதனுக்குள்ள விருப்பம் மிகப் பழையது. பாட்டி சொல்லக் கேட்டு அஞ்சினோம். பின்னர்க் கொட்டகையின் இருளில் அமர்ந்து காசு கொடுத்து அஞ்சினோம். இப்பொழுது கைபேசியிலும் அஞ்சுகிறோம். இத்தகைய படங்களுள் சிறந்தது எது, ஒரு மொழியில் வெற்றி கண்ட படத்தை மற்றொரு மொழியில் மீண்டும் எடுத்தால் அது மூலத்தை விஞ்சுமா என்பன மாட்டுங்காவில் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும் வாதங்கள் அல்ல. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. மத்திய அரசின் சுற்றறிக்கைகளை நாள்தோறும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுகிறேன். அவற்றிலும் அச்சம் தரும் பகுதிகள் உண்டு. ஆனால் அவை பேயைப் பற்றியன அல்ல.

பழைய எடுத்துக்காட்டு ஒன்றிலிருந்து தொடங்குவோம். 1964ஆம் ஆண்டில் ராஜ் கோஸ்லாவின் இயக்கத்தில் ‘வோ கௌன் தீ’ என்ற இந்திப் படம் வெளிவந்தது. மழை இரவு, காரோட்டி வரும் டாக்டர், நடுச்சாலையில் வெள்ளைப் புடவையில் நிற்கும் ஒரு பெண். சாதனா அந்த வேடத்தில் நின்ற நிலையே பாதி அச்சத்தைத் தந்துவிட்டது. இரண்டே ஆண்டுகளில், 1966இல், அது தமிழில் ‘யார் நீ?’ ஆயிற்று. ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தனர். வில்லன் வேடங்களில் உரக்கச் சிரித்துப் புகழ்பெற்ற பி. எஸ். வீரப்பா அதைத் தயாரித்தார். மதன் மோகன் இந்தியில் அமைத்த மெட்டை வேதா தமிழுக்குக் கொணர்ந்தார், பி. சுசீலாவின் குரலில் ‘நானே வருவேன்’ இன்றும் இரவு நேரத்தில் தனியே கேட்கத் தயங்க வேண்டிய பாடலாகவே இருக்கிறது. மெட்டுக்குச் சுங்கச் சாவடி கிடையாது. எந்த எல்லையையும் அது தடையின்றிக் கடக்கும். இப்படத்தில் பேயும் அவ்வாறே கடந்தது. ஏனெனில் இந்தியிலும் தமிழிலும் அவள் தன் படத்தின் மொழியையே பேசினாள். அவள் ஊர் எது என்று எவரும் கேட்கவில்லை. முடிவில் எல்லாம் மனிதரின் சூழ்ச்சி என்று தெரிந்து நாமும் நிம்மதியாக வீடு திரும்பினோம்.

கேட்க வேண்டிய நிலை வந்தது 1993இல். ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்ரதாழ்’ என்னும் மலையாளப் படத்தையே குறிப்பிடுகிறேன். மது முட்டம் எழுதிய கதை. மத்திய திருவிதாங்கூரின் ஆலும்மூட்டில் என்ற பழங்குடும்பத்தைச் சுற்றி வழங்கிய கொலைக் கதையொன்று அதற்கு வித்து என்பர். பூட்டிக் கிடந்த அறையை இளம் மனைவி கங்கா திறக்கிறாள். முற்காலத்தில் அவ்வில்லத்துக் காரணவர் ஒருவர் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்து அடைத்துவைத்து, பின்னர்க் கொன்ற நாகவல்லி என்ற நாட்டியக்காரியின் அறை அது. நாளடைவில் கங்கா தன்னையே நாகவல்லியாக எண்ணத் தொடங்குகிறாள். இதில் உண்மையில் பேய் இல்லை, மனநோயே உண்டு. ஆயினும் எத்தனையோ பேய்ப் படங்கள் தராத நடுக்கத்தை இது தருகிறது. கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

அந்த நடுக்கம் எங்கிருந்து பிறக்கிறது? கோர முகமோ இரத்தமோ அதற்குக் காரணம் அல்ல. கணவன் வெளியே செல்ல வேண்டாம் என்று தடுக்கும் காட்சியை நினைவிற்கொள்ளுங்கள். கங்கா மலையாளத்தில் ஒரு வாக்கியத்தைத் தொடங்குகிறாள். அவ்வாக்கியம் முடியும்போது அது தமிழாகிவிடுகிறது. கட்டிலை ஒரு கையால் தூக்குவதெல்லாம் அதன் பிறகுதான். மனைவியின் வாயிலிருந்து அவள் அறியாத மொழி வெளிப்படும் அந்த ஒரு கணத்திலேயே வீட்டார்க்கு அவள் அயலாள் ஆகிவிடுகிறாள். மலையாளிகள் அந்த இடத்தில் உறைந்துபோனார்கள்.

நாம்?

செம்பூரில் மலையாளக் குடும்பங்கள் ஏராளம் என்பதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் அடுத்த வீட்டாரும் மலையாளிகளே. அவர்கள் இல்லத்தில்தான் இப்படத்தை நான் முதன்முறையாகப் பார்த்தேன். மலையாளம் நமக்கு நெருங்கிய மொழியே எனினும், விரைந்து பேசினால் பாதி நழுவிவிடும். “அவர் என்ன சொல்கிறார், சேட்டா?” என்று அடிக்கொரு தரம் கேட்டுக்கொண்டே பார்த்தேன். நாகவல்லி பேசத் தொடங்கியதும் எனக்கு எவர் துணையும் வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் அமர்ந்திருந்தவர்கள் அனைவரும் அஞ்சிய நேரத்தில், எனக்கு மட்டும் எல்லாம் தெளிவாக விளங்கிற்று. படம் முழுவதிலும் என் மொழி பேசியவள் அந்தப் பேய் ஒருத்தியே! அவள் கேட்டதும் நியாயமாகவே பட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள், விரும்பியவனைப் பிரித்தார்கள், கொன்றார்கள். அவள் பழி கேட்கிறாள். வேறு எதைக் கேட்பாள்?

மறு ஆக்கத்தின் சிக்கல் இங்கேதான் உருவாகிறது. மொழிபெயர்ப்பாளர் அனைவரும் அறிந்த தொல்லை இது. மூலநூலில் ஓரிடத்தில் அயல்மொழிச் சொல் வருகிறது. நாம் மொழிபெயர்ப்பதோ அந்த அயல்மொழிக்கே. அப்போது என் செய்வது? சொல்லை அப்படியே விட்டால் அதன் அயல்தன்மை போய்விடும். மாற்றினால் மூலத்தை மீறியதாகும். தஞ்சாவூர் நாகவல்லியைத் தமிழ்ப் படத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் அவள் பக்கத்து வீட்டு மாமி பேசுவது போலன்றோ பேசுவாள்!

இதைத் தெளிவாக உணர்ந்தவர் பி. வாசு. 2004இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வை எடுத்தபோது நாட்டியக்காரியைத் தெலுங்கு பேசச் செய்தார். அதில் நடித்த சௌந்தர்யா, படம் வெளிவருமுன்பே, அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் விமான விபத்தில் மறைந்தது பெருந்துயரம். 2005இல் ‘சந்திரமுகி’ தமிழுக்கு வந்தது. அதிலும் அவள் ஆந்திர நாட்டிலிருந்து வந்தவளே. ‘ரா ரா’ என்று தெலுங்கிலேயே பாடினாள். அப்படத்தைத் தெலுங்கில் மொழிமாற்றம் செய்தார்களே, அங்கு என்ன செய்தார்கள்? அதே மெட்டில் ‘வாராய்’ என்று பேய் தமிழில் பாடிற்று! 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் எடுத்த ‘பூல் புலையா’வில் அவள் வங்காளப் பெண் மஞ்சுலிகா ஆனாள். ஆக மலையாளிக்குத் தமிழச்சி, கன்னடியர்க்கும் தமிழர்க்கும் தெலுங்கச்சி, தெலுங்கர்க்கு மீண்டும் தமிழச்சி, இந்திக்காரர்க்கு வங்காளத்தாள். கதை மாறவில்லை, நாட்டியம் மாறவில்லை, பூட்டிய அறையும் மாறவில்லை. பேயின் தாய்மொழி மட்டும் எல்லை தாண்டுந்தோறும் மாறிக்கொண்டே சென்றது. அது எப்போதும் அண்டை நாட்டாரின் மொழியாகவே அமைந்தது. கண்காணாத தேசத்து மொழியை எவரும் தேடிச் செல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நன்கு பழகிய அயலாரிடமே அச்சமும் மிகுதி போலும்.

இனி நம் நகரத்துக்குரிய ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சந்திரமுகியாக நடித்த ஜோதிகா மும்பையில் பிறந்து வளர்ந்தவர், தமிழர் அல்லர். இந்தி மஞ்சுலிகாவாக நடித்த வித்யா பாலனோ செம்பூரில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். தொடக்கத்தில் இவருக்குத் தமிழ்த் திரையில் இடம் கிடைக்கவில்லை. வெளிவந்த முதல் திரைப்படம் 2003இல் வந்த ‘பாலோ தேகோ’ என்னும் வங்காளப் படமே. இங்கிருந்து சென்ற வடநாட்டுப் பெண் சென்னையில் தெலுங்குப் பேயானார். இங்கேயே இருந்த தமிழ்ப் பெண் இந்தியில் வங்காளப் பேயானார். இருவரும் ஒரே நகரத்து ரயில்களின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள். வேற்றுமொழி பேசும் பெண்ணாக மாறுவதற்கு மும்பையைவிட நல்ல பயிற்சிப் பள்ளி ஏது? காலையில் பால்காரரிடம் இந்தி, காய்கறிக் கடையில் மராத்தி, அலுவலகத்தில் ஆங்கிலம், இரவு அடுக்களையில் தமிழ் என்று நம் வீட்டுப் பெண்கள் நாளொன்றுக்கு நான்கு முறை கூடுவிட்டுக் கூடு பாய்கின்றனர்.

கங்காவின் வாக்கியம் நடுவில் மொழி மாறுவதைத் தாராவியில் நின்று நாள்தோறும் கேட்கலாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து தலைமுறைகளாக அங்கே குடியிருப்போர் மராத்தியைச் சரளமாகப் பேசுவார்கள். தெருவில் விளையாடும் குழந்தை மாநகராட்சி லாரியின் முன்னே ஓடிவிட்டால் தாய் எழுப்பும் கூக்குரல் மட்டும் தமிழில் வரும். எதிர்வீட்டுப் பெண் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். 1960களின் பிற்பகுதியில் தென்னாட்டாருக்கு எதிராக இந்நகரில் கிளர்ச்சி எழுந்தபோது, தெருவில் தமிழ் பேசத் தயங்கிக் குரலைத் தாழ்த்திக்கொண்ட பெரியவர்கள் நம்மிடையே இருந்தனர். தன் மொழி பிறர் காதில் அச்சமாக விழுவதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அத்தகையோர்க்கு நாகவல்லி பேயாகத் தோன்றுவாளா, ஊர்க்காரியாகத் தோன்றுவாளா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

சரி, மறு ஆக்கம் மூலத்தை விஞ்சியதா? வசூலில் விஞ்சிற்று, அதில் வாதமே இல்லை. ‘சந்திரமுகி’ சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. மாட்டுங்கா அரோராவில் ரஜினிகாந்த் படம் என்றால் தெருவே திருவிழாக் கோலம் கொண்டிருந்த காலம் அது. ஆனால் அச்சத்தில் விஞ்சவில்லை என்பது என் துணிபு. மூலத்தில் மனமருத்துவராக வரும் மோகன்லால் படம் நெடுந்தொலைவு சென்ற பிறகே வீட்டுக்குள் நுழைகிறார். அதுவரை அந்த வீடும் கங்காவுமே நம்மை ஆள்கின்றனர். தமிழிலோ நாயகன் முதலிலேயே வந்து சண்டையிட்டு வெல்கிறார். நாயகன் காக்க இருக்கும்போது நாம் ஏன் அஞ்ச வேண்டும்? மேலும் ரஜினிகாந்தே வேட்டையன் வேடத்தையும் ஏற்று ‘லகலகலக’ என்று முழங்கவே, கொன்றவன் கொல்லப்பட்டவளைவிடப் புகழ்பெற்றான். குழந்தைகள் விளையாடியது வேட்டையனாகத்தான். ஜோதிகா இறுதி நடனத்தில் தம் ஆற்றல் முழுவதையும் கொட்டினார். இருந்தும் படத்தின் நடுப்புள்ளி அவரிடமிருந்து நழுவிவிட்டது. நகைச்சுவைக்கு ‘சந்திரமுகி’யை மீண்டும் பார்ப்பேன். அச்சத்திற்கு அல்ல.

இந்திப் படம் மூலத்தை நெருங்கி நடந்தது. பிரியதர்ஷன் மூலப் படத்திலேயே துணைக்குழுவை இயக்கியவர் அல்லவா? மூலத்துக்கு இசையமைத்த எம். ஜி. ராதாகிருஷ்ணனின் தம்பி எம். ஜி. ஸ்ரீகுமார், ஷ்ரேயா கோஷலுடன் இறுதி நாட்டியப் பாடலைப் பாடினார். வித்யா பாலனின் கண்களில் துயரம் இருந்தது; அதனால் அச்சமும் இருந்தது. எனினும் அலுவலகத்து வங்காள நண்பர் ஒருவர் அப்படத்தைப் பற்றிச் சற்றுச் சலிப்புடன், “எங்கள் ஊர்ப் பெண்களை ஏன் ஐயா பேயாக்குகிறீர்கள்?” என்று கேட்டார். மலையாளத்தில் எங்களைத்தான் ஆக்கினார்கள் என்று சொன்னதும் அவருக்கு ஓரளவு ஆறுதல்.

மூலம், மறு ஆக்கம் என்ற வழக்கே எழாத படம் ஒன்றும் உண்டு. 2009இல் விக்ரம் குமார் மாதவனைக் கொண்டு தமிழில் ‘யாவரும் நலம்’ என்றும் இந்தியில் ‘13பி’ என்றும் ஒருசேர எடுத்தார். புதிதாக வாங்கிய அடுக்குமாடி வீடு. அங்கே தொலைக்காட்சித் தொடரில் வருவதெல்லாம் அக்குடும்பத்துக்கே நிகழ்கிறது. கடன் வாங்கி வீடு வாங்கியவருக்கு இதனினும் பெரிய பேய் வேண்டியதில்லை. அங்கும் பேய் வேற்றுமொழி பேசவில்லை. இரு மொழிகளிலும் சமமாக அச்சுறுத்திற்று.

‘மணிச்சித்ரதாழ்’ 2024 ஆகஸ்டில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது. அதன் சில காட்சிகள் எடுக்கப்பட்ட பத்மநாபபுரம் அரண்மனை 1956 முதல் தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. பராமரிப்பதோ கேரள அரசு. நாகவல்லிக்கு ஏற்ற இல்லம்! அவளது தமிழ்க் குரலும் ஷோபனாவுடையது அன்று. நெடுங்காலமாக, கங்காவுக்கும் நாகவல்லிக்கும் பாக்கியலட்சுமி என்ற ஒரே கலைஞர் குரல் கொடுத்ததாகவே மக்கள் நம்பியிருந்தனர். இரு குரல்களும் ஒத்திருந்தமையால் நாகவல்லிக்கு மட்டும் துர்கா என்ற தமிழ்க் குரல் கலைஞரைப் பேசச் செய்ததாக, படம் வந்து 20 ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2016இல் ஃபாசில் வெளியிட்டார். மலையாள நாடு முழுவதையும் நடுங்கவைத்த அந்தத் தமிழுக்கு உரியவரின் பெயர் அப்போதுதான் பலருக்கும் தெரியவந்தது.